சொந்தக் காசில் கோயில் கட்டினார், அங்கே பாட அனுமதி இல்லை: யார் இந்த பெங்களூர் நாகரத்தினம்மாள்?

ஜனவரி மாதம் வந்தால் திருவையாறு தியாகராஜ ஆராதனை நேரலை பலருடைய போனில் ஓடும். காவிரிக் கரையில் வரிசை வரிசையாக உட்கார்ந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளைப் பாடுகிற கூட்டத்தில் பெண்கள் ஏராளம். முன்னணிப் பாடகிகளும் இருப்பார்கள், பாட்டு வகுப்பிலிருந்து நேராக வந்த கல்லூரி மாணவிகளும் இருப்பார்கள். இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம்.

ஆனால் நூறு வருடங்களுக்கு முன்னால் இதே இடத்தில் ஒரு பெண் வாய் திறந்து பாட முடியாது. அந்த இடத்தில் இன்று இருக்கும் சந்நிதியைத் தன் சொந்தப் பணத்தில் கட்டியதே ஒரு பெண்தான். கட்டி முடித்த பிறகும் அவருக்குப் பாட அனுமதி கிடைக்கவில்லை. அந்தப் பெண் பெங்களூர் நாகரத்தினம்மாள். தியாகராஜரின் சமாதிக்கு எதிரே அவருடைய சமாதியும் சிலையும் இருக்கின்றன. ஆராதனைக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். யார் என்று விசாரித்தவர்கள் குறைவு.

யார் மேடை ஏறலாம், யாருடைய கவிதை அச்சாகலாம் என்று முடிவு செய்கிற குழு எல்லாக் காலத்திலும் உண்டு. இன்று அதற்குத் தேர்வுக் குழு, நடுவர் குழு, கியூரேட்டர் என்று பெயர். விண்ணப்பப் படிவம் இருக்கும், கடைசித் தேதி இருக்கும், நிராகரித்தால் ஒரு மெயிலாவது வரும். நாகரத்தினம்மாள் காலத்தில் படிவமே கிடையாது. பெண் என்றால், அதுவும் தேவதாசி மரபில் பிறந்தவர் என்றால், கதவு ஏற்கெனவே சாத்தித்தான் இருக்கும். அவர் தன் வாழ்நாளில் இரண்டு கதவுகளைத் தட்டினார். ஒன்று தனக்கான மேடை. இன்னொன்று அவர் பிறப்பதற்குச் சுமார் 90 ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோன ஒரு பெண் கவிஞருக்கான புத்தகம்.

நஞ்சன்கூடிலிருந்து ஜார்ஜ் டவுன் வரை

1878 நவம்பர் 3 அன்று மைசூருக்குப் பக்கத்தில் உள்ள நஞ்சன்கூடில் பிறந்தார். அம்மா பெயர் புட்டலட்சுமி. அப்பா ஒரு வக்கீல். அவர் சீக்கிரமே கைவிட்டுவிட்டார். மைசூரில் சமஸ்கிருதம் கற்றுக்கொடுத்த ஆசிரியரும் ஒரு கட்டத்தில் அம்மாவையும் மகளையும் வெளியே அனுப்பிவிட்டார். மகளைப் பெரிய வித்வாம்சினியாக ஆக்கிக் காட்டுகிறேன் என்ற வைராக்கியத்தோடு அம்மா ஊரைவிட்டுக் கிளம்பினார் என்று சொல்வார்கள்.

பெங்களூரில் முனுசாமப்பா என்பவரிடம் சங்கீதம் கற்றார். இந்த முனுசாமப்பா வாலாஜாபேட்டை சிஷ்ய பரம்பரையில் வந்தவர். வந்தவாசி, ஆரணி பக்கத்துக்காரர்களுக்கு வாலாஜா தெரிந்த ஊர்தான், அதுவும் ஒரு நெசவு ஊர். தியாகராஜரின் நேரடிச் சீடர் வேங்கடரமண பாகவதரும் அவருடைய மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் அங்கே இருந்துகொண்டுதான் குருவின் கீர்த்தனைகளைச் சுவடியிலும் நோட்டிலும் எழுதிக் காப்பாற்றினார்கள். தியாகராஜர் பாட்டுகள் இன்று நமக்குக் கிடைப்பதற்கு மூன்று சீடர் வழிகள் முக்கியமானவை: உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை. நாகரத்தினம்மாள் அந்த மூன்றாவது வழியில் வந்தவர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கன்னடம், தெலுங்கு, சமஸ்கிருதம் மூன்றிலும் நல்ல தேர்ச்சி. கச்சேரி செய்வார், ஹரிகதையும் செய்வார். பிறகு சென்னைக்கு வந்து ஜார்ஜ் டவுனில் குடியேறினார். கிராமபோன் கம்பெனிகள் பாடகர்களைத் தேடி அலைந்துகொண்டிருந்த காலம் அது. இசைத்தட்டு பதிவுசெய்த முதல் தலைமுறைப் பாடகிகளில் இவரும் ஒருவர். கையில் பணம் சேர்ந்தது. அந்தப் பணம் எங்கே போனது என்பதுதான் இந்தக் கதையின் முக்கியமான பகுதி. அதற்கு முன் புத்தகத்தைப் பார்த்துவிடலாம்.

ஒரு பெண் எழுதினால் ஆபாசமா?

18-ம் நூற்றாண்டில் தஞ்சாவூரை ஆண்ட மராத்திய மன்னர் பிரதாபசிம்மனின் அவையில் முத்துப்பழனி என்ற கவிஞர் இருந்தார். அவரும் தேவதாசி மரபைச் சேர்ந்தவர். தெலுங்கில் எழுதினார். நம் ஆண்டாளின் திருப்பாவையைத் தெலுங்குக்குக் கொண்டுபோனவர். அவருடைய பெரிய காவியம் 'ராதிகா சாந்தவனமு'. தான் வளர்த்த பெண்ணையே கண்ணனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு, பிறகு பொறாமையில் வேகும் ராதையை அவன் சமாதானப்படுத்துகிற கதை. 584 பாடல்கள். இதில் புதுசு என்னவென்றால், ஆசையைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவது பெண். தன் மனசில் இருப்பதை அவளே சொல்கிறாள்.

இந்தக் காவியம் 1887-ல் முதன்முதலாக அச்சாகியிருந்தது. நாகரத்தினம்மாள் அதைத் தேடி வாங்கிப் படித்தார். பிறகு ஒரு கையெழுத்துப் பிரதி கிடைத்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால், அச்சுப் புத்தகத்தில் பல பாடல்களைக் காணோம். அதோடு போகவில்லை. முத்துப்பழனி தன்னைப் பற்றியும், தன்னைப் போலவே கவிஞராக இருந்த பாட்டியைப் பற்றியும், தன் கவித்திறனைப் பற்றியும் பெருமையோடு எழுதியிருந்த முன்பகுதியே இல்லை. அதாவது புத்தகம் இருந்தது, அதை எழுதிய பெண் அதில் இல்லை.

1910-ல் சென்னையின் வாவில்லா பதிப்பகம் மூலம் முழுப் பதிப்பைக் கொண்டுவந்தார். பெண் எழுதிய நூல், அதிலும் தன் குலத்தில் பிறந்த பெண் எழுதிய நூல், அது சரியான வடிவத்தில் வெளிவர வேண்டும் என்பதுதான் முன்னுரையில் அவர் சொன்ன காரணம்.

எதிர்ப்பு உடனே கிளம்பியது. அதற்கு முன்பே முத்துப்பழனியைக் கடுமையாகத் தாக்கி எழுதியிருந்தவர் யார் தெரியுமா? கந்துகூரி வீரேசலிங்கம். விதவை மறுமணத்துக்காகப் போராடிய, ஆந்திரத்தின் மிகப் பெரிய சீர்திருத்தவாதி. தெலுங்குக் கவிஞர்களின் வரலாற்றை எழுதியபோது, ஒரு பெண் இப்படியெல்லாம் எழுதலாமா என்பது அவருடைய ஆட்சேபணையாக இருந்தது. நாகரத்தினம்மாள் நேராகவே திருப்பிக் கேட்டார். வெட்கம் பெண்ணுக்கு மட்டும்தானா? இதைவிடப் பச்சையாக ஆண்கள் எழுதியவை மதிப்போடு உலவுகின்றனவே? வீரேசலிங்கமே அப்படி ஒரு நூலைப் பதிப்பித்திருக்கிறாரே? தமிழில் விறலிவிடு தூது படித்தவர்களுக்கு இந்த வாதத்தின் நியாயம் சட்டென்று புரியும்.

வாதத்தில் பதில் இல்லை என்றாலும் அதிகாரம் வேறு பக்கம் இருந்தது. புகார் அரசாங்கத்துக்குப் போனது. 1911-ல் சென்னை போலீஸ் பிரதிகளைப் பறிமுதல் செய்தது. புத்தகத்துக்குத் தடை. பதிப்பாளர்களும் சில பண்டிதர்களும் மனுப் போட்டுப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. தடை முப்பது வருடங்களுக்கு மேல் நீடித்தது. தங்குதூரி பிரகாசம் சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோதுதான் அது விலகியது.

சமாதியும் மூன்று கட்சிகளும்

தியாகராஜர் 1847 ஜனவரி 6 அன்று திருவையாற்றில் மறைந்தார். அடுத்த அரை நூற்றாண்டில் சமாதி ஏறக்குறைய மறந்துபோன இடமாகிவிட்டது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உமையாள்புரம் பாகவதர்கள் அதைக் கொஞ்சம் சீர்செய்தார்கள். தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதரும் அவர் தம்பி பஞ்சு பாகவதரும் ஆராதனையை விமரிசையாக நடத்தினார்கள். கொஞ்ச நாளில் அண்ணன் தம்பிக்குள்ளேயே பிளவு. பெரிய கட்சி, சின்ன கட்சி என்று இரண்டு கோஷ்டி, தனித்தனி விழா, தனித்தனி வித்வான்கள். கர்நாடக சங்கீதத்தில் கட்சி அரசியலுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் இரண்டு கட்சிக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. பெண்கள் பாடக் கூடாது.

விழா நடந்ததே தவிர சமாதி மறுபடியும் பாழடைந்து கிடந்தது. அந்தச் செய்தி கடிதம் மூலம் நாகரத்தினம்மாளுக்கு வந்து சேர்ந்தது. தியாகராஜர் கனவில் வந்து சொன்னார் என்றும் ஒரு கதை உண்டு. எப்படியோ, 1921-ல் வேலை தொடங்கியது. சமாதி இருந்த இடம் இடுகாட்டு நிலம் என்பதால் நேரடியாக வாங்க முடியவில்லை. பக்கத்து நிலத்தை வாங்கி, மாற்று ஏற்பாடு செய்து, இடத்தைச் சுத்தம் செய்து, சந்நிதி எழுப்பி, தியாகராஜருக்குச் சிலை வைத்து, 1926 தொடக்கத்தில் கும்பாபிஷேகம் நடத்தினார். சம்பாதித்த பணமும் நகைகளும் இதிலேயே கரைந்தன.

கட்சிக்காரர்கள் யாரும் கோயில் கட்டுவதைத் தடுக்கவில்லை. பணம் வாங்குவதில் தீட்டு இல்லை போலிருக்கிறது. ஆனால் அந்தச் சந்நிதியில் அவர் பாடுவதற்கோ ஹரிகதை சொல்வதற்கோ சம்மதிக்கவில்லை. உமையாள்புரம் வழிக்கும் தில்லைஸ்தானம் வழிக்கும் இருந்த உரிமை, அதே குருவின் வாலாஜாபேட்டை வழியில் வந்த இவருக்கு இல்லை. பாட்டுத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தகுதி அங்கே கேள்வியாகவே எழவில்லை.

நாகரத்தினம்மாள் கெஞ்சிக்கொண்டு நிற்கவில்லை. 1927-ல் தன்னைப் போன்ற பாடகிகளைத் திரட்டிக் கோயிலின் பின்புறத்தில் தனி ஆராதனை தொடங்கினார். ஊரில் அதற்குப் 'பெண்கள் கட்சி' என்று பெயர் வந்தது. முன்னால் ஆண்கள் பாட, பின்னால் பெண்கள் பாட, இப்படியே வருடங்கள் ஓடின. இடம் கொடுக்காவிட்டால் பக்கத்திலேயே இன்னொரு மேடை போடுவது அன்றைக்குச் சாதாரணத் துணிச்சல் இல்லை. பாரிஸிலோ லண்டனிலோ பெண் ஓவியர்கள் அதிகாரபூர்வக் கண்காட்சிகளில் இடம் கிடைக்காமல் தனிச் சங்கம் வைத்துத் தனிக் கண்காட்சி நடத்திய அதே வழிதான் இது. அதைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

1940-41 வாக்கில் ஐ.சி.எஸ். அதிகாரி எஸ்.ஒய்.கிருஷ்ணசாமியும் முசிறி சுப்பிரமணிய ஐயர் போன்ற வித்வான்களும் முயற்சி எடுத்து மூன்று கட்சிகளையும் ஒன்றாக்கினார்கள். ஒரே ஆராதனை. பஞ்சரத்னத்தை எல்லோரும் சேர்ந்து பாடும் இன்றைய வழக்கம் அந்த இணைப்போடுதான் வேரூன்றியது. பெண்களும் முன்னால் வந்தார்கள்.

சிக்கலான இன்னொரு பக்கம்

இவரைப் பெண்ணுரிமைப் போராளி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. 1927-ல் சென்னைச் சட்ட மேலவையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறை ஒழிப்புக்குக் குரல் கொடுத்தபோது, அதை எதிர்த்த தேவதாசிகள் சங்கத்தில் நாகரத்தினம்மாள் முக்கியமானவர். முத்துலட்சுமி ரெட்டியின் அம்மாவும் அதே மரபில் பிறந்தவர்தான். ஒரே வேர், எதிரெதிர் முடிவு.

சின்னஞ்சிறு பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி, பிறகு பணக்காரர்களின் கையில் விட்ட கொடுமை உண்மை. அது ஒழிய வேண்டும் என்ற முத்துலட்சுமி ரெட்டியின் பக்கம்தான் வரலாறு நின்றது. 1947-ல் சட்டம் வந்தது. ஆனால் சங்கத்தின் பெண்கள் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. படிப்பும் சங்கீதமும் சொத்துரிமையும் பெண்களுக்கு இருந்த ஒரே மரபைக் குற்றமாக மட்டும் பார்த்தால், அந்தக் கலைஞர்கள் எங்கே போவார்கள்? கல்வி கொடுங்கள், கலையை வளர்க்க வழி செய்யுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. அந்தப் பாதி யார் காதிலும் சரியாக விழவில்லை. நாட்டியமும் பாட்டும் மரியாதை பெற்றன, மேடைகள் பெருகின. அந்த மேடைகளில் பழைய குடும்பத்துப் பெண்கள் குறைந்துகொண்டே போனார்கள்.

கடைசி வருடங்கள்

நாகரத்தினம்மாள் சென்னையை விட்டுத் திருவையாற்றிலேயே தங்கிவிட்டார். தியாகராஜர் மீது சமஸ்கிருதத்தில் அவர் இயற்றிய அஷ்டோத்தர நாமாவளி சந்நிதிப் பூஜைக்கு ஆனது. சொத்து முழுவதையும் சமாதி அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். தேவதாசிகள் உட்படப் பெண்கள் அங்கே வழிபடவும் பாடவும் உரிமை தொடர வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. வித்வான்களின் நல்லெண்ணத்தை நம்பாமல் எழுத்தில் போட்டு வைத்தது அனுபவம் கற்றுக்கொடுத்த விவேகம்.

1952 மே 19 அன்று, 73-வது வயதில் காலமானார். அதே 1952-ல் தடை நீங்கிய 'ராதிகா சாந்தவனமு' வாவில்லா பதிப்பாக மறுபடி வந்தது. சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது ஒரு பெண்ணுக்குக் கிடைக்க இன்னும் 16 வருடங்கள் இருந்தன. 1968-ல் அதை வாங்கியவர் எம்.எஸ்.சுப்புலட்சுமி. தேவதாசி மரபிலிருந்து வந்த, வீணைக் கலைஞர் மதுரை சண்முகவடிவின் மகள்.