அரை மீட்டர் கேபிளில் ரேடியோ இரைச்சலுக்கு 'செக்'... யார் இந்த ஆலிவர் ஹெவிசைடு?

வீட்டுப் பக்கத்தில் எஃப்.எம் டவர் இருந்தால் ஹாம் ரேடியோக்காரர்களுக்குத் தலைவலிதான். கேட்க வேண்டிய சிக்னலை அது அமுக்கிவிடும். இதற்குப் பலர் ஒரு துண்டு கோஆக்சியல் கேபிளை வெட்டி, வீட்டிலேயே ஃபில்டர் செய்துகொள்கிறார்கள். அந்தக் கேபிளும் சரி, அதன் கணக்கும் சரி, இரண்டிலும் இருப்பது ஒரே பெயர்: ஆலிவர் ஹெவிசைடு.

கல்லூரிப் பக்கமே போகாதவர்

1850-ல் லண்டனில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் காது மந்தமானது. 16 வயதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. தந்தி ஆபரேட்டர் வேலையையும் 24 வயதில் விட்டுவிட்டு, பெற்றோர் வீட்டிலேயே உட்கார்ந்து படித்தார். மேக்ஸ்வெல் 20 சமன்பாடுகளில் சொன்ன மின்காந்தவியலை, இன்று மாணவர்கள் படிக்கும் 4 சமன்பாடுகளாகச் சுருக்கியவர் இவர்தான்.

1880-ல் கோஆக்சியல் கேபிளுக்குக் காப்புரிமை வாங்கினார். நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றிக் குழாய் போல இன்னொரு கடத்தி. பக்கத்து லைன்களின் தொந்தரவு உள்ளே வராது.

ஃபில்டர் எப்படி வேலை செய்கிறது?

கேபிளில் சிக்னல் எப்படி ஓடும், முனையில் மோதி எப்படித் திரும்பும் என்பதற்கும் அவரே கணக்கு போட்டார். 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். அதில் கால் பங்கு 75 செ.மீ. சாதாரண கேபிளில் அலையின் வேகம் 66 சதவீதம்தான் என்பதால், சுமார் 50 செ.மீ போதும். இந்தத் துண்டை ஆன்டெனா லைனில் 'டி' கனெக்டரில் மாட்டி, மறுமுனையைத் திறந்தே விட வேண்டும். உள்ளே போகும் 100 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் தலைகீழாகத் திரும்பி வந்து, தன்னைத்தானே அடித்துவிடும். கொஞ்சம் நீளமாக வெட்டி, பிறகு துளித்துளியாக நறுக்குவதுதான் சூட்சுமம்.

பணம் வேண்டாம், பெயர் வேண்டும்

டெலிபோன் லைனில் இண்டக்டன்ஸைக் கூட்டினால் குரல் தெளிவாகும் என்று 1887-லேயே சொன்னார். பிரிட்டன் தபால் துறையின் முக்கியப் பொறியாளர் வில்லியம் பிரீஸ் அதை ஏற்கவில்லை. 1900-ல் அதே வழியில் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் மைக்கேல் புபின். பின்னர் ஏடி&டி நிறுவனம் ஹெவிசைடுக்குப் பணம் தர முன்வந்தது. முழு அங்கீகாரம் இல்லாமல் காசு வேண்டாம் என்று மறுத்துவிட்டார். அப்போதும் அவர் கையில் பணமில்லை.

1922-ல் முதல் ஃபாரடே பதக்கம் அவரைத் தேடி வந்தது. 1925 பிப்ரவரி 3-ல், டார்க்கீயில் காலமானார். கேபிள் கடையில் 50 ஓம், 75 ஓம் 'இம்பிடன்ஸ்' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தச் சொல்லும் அவர் வைத்ததுதான்.