புரதங்களைப் பிரித்துக் காட்டிய டிசேலியஸ்

ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதித் தரும் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் சில சமயம் 'எலக்ட்ரோபோரிசிஸ்' என்ற நீண்ட பெயர் இருக்கும். பரம்பரையாக வரும் ரத்தசோகையைக் கண்டுபிடிக்க இந்தச் சோதனை உதவுகிறது. மின்சாரத்தைச் செலுத்தி, கலந்து கிடக்கும் புரதங்களைத் தனித்தனியே பிரிக்கும் முறை இது. இதற்கு நம்பகமான கருவியை முதன்முதலில் செய்து காட்டியவர் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி ஆர்னே டிசேலியஸ்.

1902 ஆகஸ்டு 10ந் தேதி ஸ்டாக்ஹோம் நகரில் அவர் பிறந்தார். தந்தை இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1906ல் தந்தை காலமாகிவிட, தாயார் குழந்தைகளுடன் கணவரின் உறவினர்கள் இருந்த கோதன்பர்க் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே பள்ளி ஆசிரியர் ஒருவர் சிறுவனுக்கு ரசாயனத்தில் இருந்த ஆர்வத்தைக் கண்டு ஊக்கம் கொடுத்தார்.

1921ல் உப்சாலா பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே ஸ்வெட்பர்க் என்ற பேராசிரியர் புகழுடன் விளங்கினார். 1925ல் டிசேலியஸ் அவருக்கு உதவியாளரானார். மறு ஆண்டே ஸ்வெட்பர்க்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. புரதங்களை மின்சாரத்தால் ஆராயும் வேலையை அவர் இளைஞரிடம் ஒப்படைத்தார்.

பட்டம் வந்தது, திருப்தி வரவில்லை

நீரில் கரைந்த புரதத்துக்கு மின்னேற்றம் உண்டு. மின்சாரம் பாய்ந்தால் அது ஒரு முனையை நோக்கி நகரும். ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு வேகம். ஒரே ஸ்டேஷனிலிருந்து கிளம்பிய எக்ஸ்பிரசும் பாசஞ்சரும் போகப் போக விலகிவிடுவதைப் போல, புரதங்களும் விலகிவிடும்.

இதைப் பற்றி எழுதிய ஆய்வுக்காக 1930ல் டிசேலியஸ் டாக்டர் பட்டம் பெற்றார். ஆனால் அவருக்கு மனநிறைவு இல்லை. மின்சாரம் பாயும்போது கரைசல் சூடாகிறது. சூடான திரவம் மேலே எழுகிறது. பிரிய வேண்டிய புரதங்களின் எல்லைக் கோடு கலங்கிப் போகிறது. தம் முறையின் குறை அவருக்கே தெரிந்தது. மனம் சோர்ந்து அதை ஒதுக்கி வைத்துவிட்டு, வேறொரு துறையில், ஒருவகைத் தாதுப் பொருள்களைப் பற்றி ஆராயத் தொடங்கினார்.

1934ல் ராக்பெல்லர் நிதியுதவியுடன் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகருக்குச் சென்றார். அங்கே புரதங்களையும் வைரஸ்களையும் ஆராய்ந்தவர்களுடன் பழகினார். அவர்களுக்கெல்லாம் நல்லதொரு பிரிக்கும் முறை தேவையாக இருந்தது. கைவிட்ட வேலையை மீண்டும் எடுப்பது என்று முடிவு செய்து ஊர் திரும்பினார்.

நாலு டிகிரியில் கிடைத்த விடை

இம்முறை அவர் கருவியை அடியோடு மாற்றினார். 'யு' வடிவக் கண்ணாடிக் குழாயைச் சதுர மூலைகளுடன், ஒன்றன்மேல் ஒன்றாக நகர்த்தக்கூடிய துண்டுகளாகச் செய்தார். அதைக் குளிர்ந்த நீர்த்தொட்டியில் வைத்தார். தண்ணீர் மிகக் கனமாக இருப்பது 4 டிகிரி சென்டிகிரேடில். அந்த நிலையை ஒட்டிச் சிறிது சூடானாலும் அதன் கனம் அதிகம் மாறாது. அதனால் கலக்கமும் குறைந்தது.

மாதிரியைத் தயாரிப்பதிலும் அதே கவனம் தேவைப்பட்டது. ரத்தம் உறைந்தபின் தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரான சீரத்தை அப்படியே குழாயில் ஊற்றக் கூடாது. மெல்லிய சவ்வுப் பையில் கட்டி, குழாயில் இருக்கப் போகும் அதே உப்புக் கரைசலில் ஊற வைக்க வேண்டும். உப்பு சவ்வைத் தாண்டி உள்ளும் புறமும் சமமாகும். பெரிய புரதங்கள் பைக்குள்ளேயே தங்கும். இதைச் செய்யாவிட்டால் உப்பின் வித்தியாசமே பொய்யான விடையைக் காட்டிவிடும்.

பலன் தெளிவாக வந்தது. சீரத்தில் ஆல்புமின் தனியாகப் பிரிந்தது. குளோபுலின் என்று ஒரே பெயரில் அழைக்கப்பட்டது மூன்றாகப் பிரிந்தது. அவற்றுக்கு ஆல்பா, பீட்டா, காமா என்று பெயரிட்டார்.

இதை எழுதி அனுப்பியபோது, உயிர் ரசாயனப் பத்திரிகை ஒன்று, பௌதிகம் அதிகம் என்று கருதித் திருப்பி அனுப்பிவிட்டது. 1937ல் இங்கிலாந்தின் ஃபாரடே சங்க வெளியீட்டில் அது வந்தது. 1938ல் உப்சாலாவில் உயிர் ரசாயனப் பேராசிரியரானார். மறு ஆண்டு அவரும் அமெரிக்கரான கபாட்டும் சேர்ந்து, முயலின் ரத்தத்தில் நோய் எதிர்ப்புப் பொருள் காமா பகுதியில் இருப்பதைக் காட்டினர். 1948ல் டிசேலியசுக்கு ரசாயன நோபல் பரிசு கிடைத்தது.

நீலகிரி வரை

1949ல் அமெரிக்காவில் பாலிங் குழுவினர் இதே வகைக் கருவியைக் கொண்டு, சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் ரத்தசோகையில் ஹீமோகுளோபினே மாறியிருப்பதை நிரூபித்தனர். மூன்றே ஆண்டுகளில், 1952ல், நமது நீலகிரி மலைவாழ் மக்களிடமும் அந்த அரிவாள் அணுக்கள் இருப்பது கண்டறியப்பட்டது. இந்தக் குறையை இன்று ஆஸ்பத்திரிகளில் உறுதி செய்யும் சோதனைகளில் எலக்ட்ரோபோரிசிசும் ஒன்று.

டிசேலியசின் கருவி சுமார் 6 மீட்டர் நீளம். பெரிய ஆராய்ச்சிக் கூடங்களே அதை வைத்துக்கொள்ள முடிந்தது. 1955ல் ஸ்மிதீஸ் என்பவர் மாவுச்சத்தைக் களி போலக் காய்ச்சி, அந்த ஜெல்லில் புரதங்களைப் பிரித்தார். பிறகு பாலிஅக்ரிலமைடு ஜெல் வந்தது. மேசை மேலேயே வேலை முடிந்தது.

1970ல் லெம்லி வெளியிட்ட முறையில் மாதிரி தயாரிப்பும் மாறியது. புரதத்துடன் சோப்பு போன்ற எஸ்.டி.எஸ். என்ற பொருளைச் சேர்த்துக் கொதிக்க வைப்பார்கள். சுருண்டு கிடக்கும் புரதம் விரிந்துவிடும். மாதிரி குழியில் மிதக்காமல் அடியில் இறங்கக் கிளிசரினும், ஓட்டத்தைக் கண்ணால் பார்க்க நீலச் சாயமும் சேர்ப்பார்கள். பிறகு சிறிய புரதம் முன்னே ஓடும், பெரியது பின்தங்கும். கருவி மாறினாலும் மாதிரியில் தவறினால் விடையும் தவறும் என்பது மாறவில்லை.

1971 அக்டோபர் 29ந் தேதி டிசேலியஸ் காலமானார். பட்டம் கைக்கு வந்தபின், இது போதும் என்று அவர் இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தம் வேலையில் தாமே கண்ட குறையை ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு தாமே தீர்த்து வைத்தார். அதுவே அவரை நோபல் மேடைக்கு அழைத்துச் சென்றது.