கதர் அங்கி அணிந்த மருத்துவர்

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையம் பட்டுத்தறிக்குப் பேர்போன இடம். அங்கே குழந்தையின் காலில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால், சாயம் பட்டிருக்கும் என்றே தாய் நினைப்பாள். சாயம் கழுவினால் மங்கும். கொசு கடித்த தடிப்பு அமுக்கினால் வெளுக்கும். குண்டூசி முனை போன்ற புள்ளிகள் கழுவியும் போகாமல், அமுக்கியும் வெளுக்காமல் நின்றால்? அடிபடாமலே உடம்பில் நீலம் பாய்ந்தால்?

ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருக்கலாம். டெங்குக் காய்ச்சலிலும் அவை குறையும். அபூர்வமாக, ரத்தப் புற்றுநோயிலும் குறையும். எது என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். தாமதிக்கக் கூடாது.

ஒரு காலத்தில் இந்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் சில மாதங்களிலேயே இறந்து போயின. அந்தச் சாவுக்கு முதல் தடை போட்ட மருந்தைத் தந்தவர் சென்னையில் படித்தவர். எல்லப்பிரகத சுப்பாராவ் என்பது அவர் பெயர்.

பட்டம் போயிற்று!

1895-ல் பீமாவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் மூன்றாம் முறைதான் தேறினார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்திஜியின் சொல் கேட்டு, அறுவைச் சிகிச்சை அங்கியையும் கதரிலேயே அணிந்தார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கோபம் வந்தது. எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ்.தான் கிடைத்தது. நாலு முழக் கதருக்கு ஒரு பட்டம் விலை!

அவருடைய சகோதரர்கள் இருவர் ஸ்ப்ரூ என்னும் குடல் நோயால் அடுத்தடுத்து மாண்டனர். அந்தத் துயரம் அவரை விடவே இல்லை. 1923-ல் அமெரிக்கா சென்றார். பாஸ்டன் மருத்துவமனையில் இரவெல்லாம் எடுபிடி வேலை பார்த்தார்.

கள்ளச் சாவி

பின்னர் லெடர்லி மருந்து நிறுவனத்தில் அவர் குழு ஃபோலிக் அமிலத்தைத் தயாரித்தது. ஸ்ப்ரூ நோயில் வரும் சோகைக்கு அது மருந்தாயிற்று. ஆனால் ரத்தப் புற்று கண்ட குழந்தைகளுக்கு அது ஆகவில்லை. நோய் வேகம் பிடிப்பதை டாக்டர் ஃபார்பர் கண்டார். அப்படியானால் அதைப் போலவே தோற்றமளித்து, அதன் வேலையைக் கெடுக்கும் பொருள் வேண்டும். பூட்டில் நுழைந்து அடைத்துக்கொள்ளும் கள்ளச் சாவி மாதிரி! அதையும் சுப்பாராவ் குழு செய்து கொடுத்தது. அமினோப்டெரின் என்று பெயர்.

1948 ஜூனில் ஃபார்பர் முடிவை வெளியிட்டார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. நிரந்தரமாக அல்ல, சில மாதங்களுக்குத்தான். ஆனால் அதுவரை அதுகூட நடந்ததில்லை.

அதே குழுவின் மற்றொரு மருந்து மெத்தோட்ரெக்ஸேட். இன்றும் அது குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு உதவுகிறது. மைகோசிஸ் ஃபங்காய்டிஸ் என்ற அபூர்வ நோய்க்கும் தருகிறார்கள். ரத்த வெள்ளணுக்கள் கெட்டு, தோலில் படை போலத் தொடங்கும் புற்று அது. சாதாரணப் படை என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் களிம்பு தடவுவோர் உண்டு.

ஃபார்பரின் முடிவு வெளியான இரண்டே மாதத்தில், 1948 ஆகஸ்டில், சுப்பாராவ் மாரடைப்பால் காலமானார். வயது 53. கணவர் அமெரிக்கா சென்ற பின், மனைவி சேஷகிரி அவரை மறுபடி பார்க்கவே இல்லை.