ரிப்பேர் கடையில் பிறந்த கிதார்

மலரில் வாழ்க்கை வரலாறு எழுதுவது என்றால் எடிசன், ஜி.டி.நாயுடு, அப்துல் கலாம் என்று எழுதுவதுதான் வழக்கம். நான் எழுதப் போவதோ ஒரு ரேடியோ மெக்கானிக்கைப் பற்றி. அவர் பெயர் லியோ ஃபெண்டர். இன்று மேடைகளில் நாம் பார்க்கிற எலெக்ட்ரிக் கிதார்களில் பல இவர் போட்ட வடிவத்தைப் பார்த்துச் செய்தவைதான்.

இவர் எனக்கு அறிமுகமான கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆண்டு விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது நம் இசைக்குழுவின் கிதாரில் ஒரு பிக்கப் ஊமையாகிவிட்டது. எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற பையன் என்றால் எல்லாம் தெரியும் என்று நினைத்து என் கையில் கொடுத்துவிட்டார்கள். நான் அதுவரை கிதாரைத் தொட்டதுகூட இல்லை. பயந்துகொண்டே தந்திகளைத் தளர்த்தி, ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். என்ன ஆச்சரியம்! மூன்று பிக்கப், வால்யூம், டோன், சுவிட்ச் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் தட்டில் மாட்டியிருந்தன. தட்டைத் தூக்கினால் மொத்த வயரிங்கும் கண்ணெதிரே. ரிப்பேர் செய்கிறவன் கஷ்டப்படக் கூடாது என்று யாரோ யோசித்துச் செய்தது போல இருந்தது. அந்த யாரோ யார் என்று தேடியபோது கிடைத்தவர்தான் ஃபெண்டர்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில், அனாஹைம் பக்கத்தில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் 1909 ஆகஸ்ட் 10-ம் தேதி பிறந்தார். எட்டு வயதில் இடது கண்ணில் கட்டி வந்து கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. வாழ்நாள் முழுக்கக் கண்ணாடிக் கண்தான். பதின்ம வயதில் உறவினர் ஒருவர் அனுப்பிய பழைய மின்சாமான் பெட்டிதான் அவருக்கு முதல் பாடப்புத்தகம். ஆனால் கல்லூரியில் அவர் படித்தது கணக்குப் பதிவியல். எலெக்ட்ரானிக்ஸை வகுப்பறையில் உட்கார்ந்து படித்ததே இல்லை!

படித்து முடித்து ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதினார். பிறகு நெடுஞ்சாலைத் துறை, அதற்குப் பிறகு டயர் கம்பெனி. 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலை போயிற்று. ஊருக்குத் திரும்பி, 1938-ல் 600 டாலர் கடன் வாங்கி, ஃபுல்லர்ட்டன் நகரில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். மனைவி எஸ்தர் துணை நின்றார்.

கடைக்கு ரேடியோவோடு பாட்டுக்காரர்களின் ஆம்ப்ளிஃபையர்களும் வந்தன. ஒரு பொருள் எங்கே உடையும், எங்கே வயர் விட்டுப்போகும் என்பது அவருக்குத் தினமும் கையில் பட்டுத் தெரிந்தது. டாக் காஃப்மன் என்ற நண்பரோடு சேர்ந்து ஒரு பிக்கப் செய்து, 1944-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1948-ல் கிடைத்தது.

பிக்கப் என்பது வேறொன்றுமில்லை நண்பர்களே! காந்தம், அதைச் சுற்றித் தலைமுடி போல் மெல்லிய தாமிரக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் மாறும். சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். மார்க்குக்காக நாம் மனப்பாடம் செய்கிற ஃபாரடே விதிதான்!

எலெக்ட்ரிக் கிதாரை முதலில் கண்டுபிடித்தவர் ஃபெண்டர் அல்ல. 1930-களிலேயே அது வந்துவிட்டது. ஆனால் உள்ளே கூடான கிதாரில் சத்தத்தைக் கூட்டினால் ஊளையிடும். ஃபெண்டர் கட்டையான மரப் பலகையில் கிதார் செய்து 1950-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். கழுத்துப் பகுதியை ஒட்டாமல் ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். கெட்டுப்போனால் கழற்றி வேறு மாட்டிக்கொள்ளலாம். 1951-ல் அதற்கு டெலிகாஸ்டர் என்று பெயராயிற்று. அதே ஆண்டு பிரிசிஷன் பேஸ், 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர். பலகை விளிம்பு விலாவில் குத்துகிறது என்று வாசிப்பவர்கள் குறை சொன்னதால் இந்தக் கிதாரின் உடலை வளைவாகச் செதுக்கினார். இதில் வேடிக்கை, அவருக்குக் கிதார் வாசிக்கவே தெரியாது. வாசிக்கிறவர்கள் சொன்னதைக் கேட்கத் தெரியும்.

உடல்நலம் சரியில்லாததால் 1965-ல் கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். ஆனாலும் சும்மா உட்காரவில்லை. மியூசிக் மேன், ஜி அண்ட் எல் என்று வேறு நிறுவனங்களில் கிதார் செய்துகொண்டே இருந்தார். பார்க்கின்சன் நோய் வந்த பிறகும் பட்டறையை விடவில்லை. 1991 மார்ச் 21-ல் தம் 81-வது வயதில் காலமானார்.

இனி என் கதைக்கு வருகிறேன். பழைய பிக்கப்பை மல்டிமீட்டரில் வைத்தேன், ஓப்பன் காட்டியது. புதிதாக வாங்கியது சுமார் 6 கிலோ ஓம். ஒரு வயரைச் சுவிட்சில் வைத்துச் சால்டர் செய்தேன், நன்றாகப் பிடித்தது. கிரவுண்டு வயரை வால்யூம் கண்ட்ரோலின் முதுகில் வைத்தேன். ஒத்திகையில் மானம் போயிற்று! கரகர என்று ஒரே சத்தம். டிரை சால்டர். ஈயம் உருண்டையாக நின்றதே தவிர, உலோகத்தில் பிடிக்கவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு இந்தப் படிப்பு வராதோ என்றுகூட அன்று தோன்றியது.

என் அப்பா சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான்தான். அன்று இரவு கடையில் உட்கார்ந்து அவரிடம் புலம்பினேன். சால்டரிங் என்றால் அவருக்கு என்னவென்றே தெரியாது. பஞ்சர் ஒட்டிக்கொண்டே, டியூபை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காம ஒட்டினா ஒட்டுமாடா என்று மட்டும் கேட்டார். எனக்குச் சுரீர் என்றது. மறுநாள் வால்யூம் கண்ட்ரோலின் முதுகை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்தேன். பெரிய அயர்னை எடுத்து, உலோகம் சூடேறிய பிறகே ஈயத்தைத் தொட்டேன். தண்ணீர் மாதிரி பரவிப் பளபளவென்று பிடித்துக்கொண்டது. விழாவில் கிதார் பாடியதை நீங்களே கேட்டீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முதலாண்டு சேரும்போது விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு சுயதொழில் என்று எழுதினேன். இந்த ஆண்டு உதவித்தொகை விண்ணப்பத்தில் சைக்கிள் ரிப்பேர் என்று தெளிவாக எழுதினேன்.

நண்பர்களே! டிப்ளமோதானே என்று யாராவது நம்மை மட்டமாகப் பேசினால் மனம் தளராதீர்கள். ஒற்றைக் கண்ணோடும் கடன் பணத்தோடும் ரிப்பேர் கடை போட்டவர்தான் உலகத்தின் இசையை மாற்றினார். நம் கையில் அயர்ன் இருக்கிறது. முதலில் தேய்ப்போம், பிறகு பற்றவைப்போம்!

— இரண்டாமாண்டு மாணவன், மின்னணுவியல் துறை