யார் இந்த ஜீன் வில்ப்ரூ பவர்? மீன் தொட்டிக்கு வழிகாட்டிய தையல்காரப் பெண்!

வீட்டு மீன் தொட்டியில தண்ணி மாத்துறது இன்னைக்கும் பெரிய வேலைதான். இந்தச் சிக்கலை 19-ம் நூற்றாண்டிலேயே சமாளித்தவர் ஜீன் வில்ப்ரூ பவர்.

1794-ல் பிரான்ஸில் பிறந்தவர். பாரிஸில் தையல் வேலை பார்த்தார். 1818-ல் திருமணமாகி, சிசிலித் தீவின் மெசினாவில் குடியேறினார்.

ஆர்கோனாட் என்ற ஆக்டோபஸ் வகை தன் ஓட்டை தானே உருவாக்குதா, இல்ல வேற உயிரினத்தோடதை எடுத்துக்குதா? இதுதான் அப்போதைய விவாதம். உயிரோடு வைத்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

1832-ல் கண்ணாடித் தொட்டி செய்தார். கூடவே கூண்டுகளைச் செய்து கடலுக்குள்ளேயே நிறுத்தினார். தண்ணி மாத்துற வேலையைக் கடலே பார்த்துக்கொண்டது!

ஓட்டை ஆர்கோனாட்டே உருவாக்குகிறது என நிரூபித்தார். 1838-ல் கப்பல் மூழ்கி, அவரது சேகரிப்பில் பெரும்பகுதி போச்சு. 1871-ல் மறைந்தார். வெள்ளிக் கோளில் ஒரு பள்ளத்துக்கு இப்போது அவர் பெயர்.