முடியாது என்று சொன்ன முத்துலட்சுமி அம்மையார்



எனக்கு இளகிய மனசு. யாராவது கண் கலங்கினா எனக்கும் கண்ணீர் வந்துடும். முடியாதுன்னு சொல்ல வாய் வராது. அப்படித்தான் தெரிஞ்ச ஒரு அக்காவுக்காக என் பேர்ல 20,000 ரூபாய் லோன் எடுத்துக் குடுத்தேன். ரெண்டு தவணையோட நின்னுபோச்சு. மிச்சத்தை நானே கூலிக்குப் போய்க் கட்டினேன். கேட்டா மனஸ்தாபம் வருமேன்னு ராத்திரி தூக்கமே இல்லை.

அந்தச் சமயம் குழுப் பயிற்சியில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் கதையைக் கேட்டேன்.

அம்மையார் 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். சீக்கிரம் கல்யாணம் முடிக்க அம்மா ஆசைப்பட்டார். படிப்புதான் வேண்டும் என்று இவர் உறுதியாக நின்றார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1912-ல் டாக்டர் ஆனார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று கல்யாணத்துக்கு முன்பே நிபந்தனை வைத்தார். அவரும் சம்மதித்தார்.

சென்னை சட்டசபையின் துணைத் தலைவராக இருந்து, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். 1930-ல் காந்தியடிகள் கைதானதும், அந்தப் பதவியே வேண்டாம் என்று ராஜினாமா செய்தார்.

இப்படிக் கறாராக இருந்தவருக்குக் கல் மனசுன்னு நினைச்சுடாதீங்க. போக்கிடம் இல்லாத பெண் பிள்ளைகளைத் தன் வீட்டிலேயே சேர்த்துக்கொண்டார். அதுதான் அவ்வை இல்லம் ஆனது. தங்கை புற்றுநோயில் இறந்த துக்கத்தை மறக்காமல், 1954-ல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறக்க வைத்தார். 1968-ல் காலமானார்.

வேண்டாததுக்கு முடியாதுன்னு சொன்னதாலதான், வேண்டிய காரியத்துக்கு அவருக்குத் தெம்பு மிச்சம் இருந்ததுன்னு எனக்குத் தோணுச்சு.

போன வருஷம் அதே அக்கா மறுபடியும் வந்தாங்க. எனக்குக் கை நடுங்குச்சு. அவங்க கஷ்டம் புரியுது, ஆனா என் பேர்ல எடுக்க முடியாது, அவங்களே குழுவில கேட்டா நானும் கூட வந்து பேசுறேன்னு சொல்லிட்டேன். ஒரு மாசம் அவங்க என் முகத்தையே பார்க்கலை. மனசு வலிச்சது. ஆனா ராத்திரி தூக்கம் வந்தது. அப்புறம் அவங்களே கூட்டத்துக்கு வந்து, அவங்க பேர்லயே உள்கடன் கேட்டாங்க. சொன்னபடி நானும் பக்கத்தில உட்கார்ந்து பேசினேன்.

சகோதரிகளே, இளகிய மனசு குறை இல்லை. அதைக் காப்பாத்திக்கத்தான் முடியாதுங்கிற வார்த்தை. முதல் தடவை சொல்றதுதான் கஷ்டம்.