கல்லூரி ஈந்த மல்லர் கே. டி. ஜாதவ்

மாணவனின் திறமறிந்து துணைநின்ற கல்லூரி முதல்வர் ஒருவரும், பெற்ற உதவியை மறவாத மாணவர் ஒருவரும் சேர்ந்து நாட்டிற்குப் புகழ் தேடித் தந்த வரலாறே மல்லர் கசாபா தாதாசாகேப் ஜாதவின் வரலாறு.

மராட்டியத்தில் சாத்தாரா மாவட்டம், கராட் நகரையடுத்த கோலேசுவர் என்னும் சிற்றூரில் 15.1.1926 அன்று பிறந்தவர் ஜாதவ். தந்தையாரும் மல்லரே. மைந்தனை இளமையிலேயே மற்களத்தில் பழக்கினார். கோலாப்பூர் இராசாராம் கல்லூரியில் பயின்ற காலத்தில் ஜாதவின் ஆற்றல் வெளிப்பட்டது. கோலாப்பூர் மன்னரின் பொருளுதவியால் 1948-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் பங்கேற்றார். மண்ணில் பொருது பழகிய அவர், பழக்கமில்லாத மெத்தை விரிப்பில் பொருதும் ஆறாம் இடம் பெற்றார்.

1952-இல் ஹெல்சின்கி ஒலிம்பிக்கிற்குத் தேர்வு பெற்றார்; ஆனால் வழிச்செலவுக்குப் பொருளில்லை. மக்களிடம் நன்கொடை திரட்டியும் போதவில்லை. அந்நிலையில் கல்லூரி முதல்வர் கர்டேகர், தம் இல்லத்தையே அடகு வைத்து 7,000 ரூபாய் அளித்தார். மாணவரிடம் அவர் கொண்ட நம்பிக்கைக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அந்நம்பிக்கை பொய்க்கவில்லை. 57 கிலோ எடைப் பிரிவில் கனடா, மெக்சிகோ, செருமனி நாட்டு மல்லர்களை வென்ற ஜாதவ், சப்பானிய, சோவியத்து வீரர்களிடம் மட்டுமே தோற்று வெண்கலப் பதக்கம் பெற்றார். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. அடுத்த தனிநபர் பதக்கத்திற்கு நாடு 1996 வரை, 44 ஆண்டுகள் காத்திருந்தது.

நூற்றுக்கு மேற்பட்ட மாட்டு வண்டிகள் சூழ ஊர் அவரை வரவேற்றது. அவரோ புகழில் மயங்கவில்லை. மற்போர்ப் போட்டிகள் நடத்திப் பொருளீட்டி, ஆசானின் இல்லத்தை முதலில் மீட்டுக் கொடுத்தார்.

1955-இல் காவல்துறையில் உதவி ஆய்வாளராகச் சேர்ந்து, 1983-இல் ஓய்வு பெற்றார். மறு ஆண்டே, 14.8.1984 அன்று சாலை விபத்தில் மறைந்தார். வாழ்நாளில் நடுவணரசின் விருது எதுவும் அவரை நாடவில்லை. அர்ச்சுனா விருது மறைவுக்குப் பின்னரே வந்தது. 2010-இல் தில்லி மற்போர் அரங்கிற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

மறைமலைநகரையும் செங்கற்பட்டையும் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்து வந்து பயிலும் மாணவர்களுள்ளும் ஆற்றல் மிக்கார் பலர் உளர். பொருளின்மை அவர்தம் கால்களைக் கட்டலாகாது. ஒரு முதல்வர் அடகு வைத்தது வீட்டை. மீட்டது ஒரு நாட்டின் மதிப்பை. இதனை ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே நெஞ்சிற் கொள்வோமாக.